பேராசிரியர் தட்டுகிறார்!

அலறல் இல்லை.

'தொப்'பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்!

பேராசிரியர் புத்தக அறையின் சிமெண்ட் தரையில் மல்லாந்து கிடந்தார். கண்கள் திறந்தே இருந்தன. கழுத்து மட்டும் எந்தக் கழுத்தும் திரும்பக் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. அவர் காலடியில் மர ஏணி சாய்ந்து கிடந்தது.

ராணியம்மா குனிந்து பார்த்தாள்.

நாவல்களில் இருபதுக்கும் மேற்பட்ட பிணங்களை விழ வைத்தவள் அவள். ராஜாவுக்கு விஷம் வைத்திருக்கிறாள். தளபதியைக் குதிரை லாயத்தில் தீர்த்துக் கட்டியிருக்கிறாள். இளவரசியைக் கிணற்றில் தள்ளியிருக்கிறாள். எல்லாமே பேனாவால்...

கையால் விழ வைத்தது இதுதான் முதல்!

"என்னங்க..." என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பழக்க தோஷம். பேராசிரியர் பதில் சொல்லவில்லை.

வீட்டில் வேறு யாரும் இல்லை. மாடியில் இருக்கும் நாத்தனார் கண் டாக்டரிடம் போயிருந்தாள். வருகிற நேரம்தான். ராணியம்மா அவசரப்படவில்லை. மாற்றுப் புடவையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

பிணத்தைக் கண்டுபிடிப்பவரும் கொலைகாரரும் ஒரே ஆளாக இருந்தால் வாசகர் உடனே மோப்பம் பிடித்துவிடுவார். தொழில் தெரிந்தவள் அவள்!

அதனால் அலறலை நாத்தனாருக்கு விட்டுவைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அது வந்தது. தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

ராணியம்மா என்பது அவளுக்கு வாசகர்கள் வைத்த பெயர். எந்நேரமும் அரண்மனை, அந்தப்புரம், கோட்டை என்று எழுதுகிறவளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? அவளுடைய துப்பறியும் ஆள், கோட்டை வாசலில் காவலுக்கு நிற்கும் ஒற்றைக்கண்ணர். இரண்டு கண் இருக்கிறவர்களுக்கெல்லாம் தெரியாதது அவருக்குத் தெரியும். ராஜ வைத்தியரே "இயற்கை மரணம்" என்று சொல்லிவிட்டுப் போன பிணத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "இல்லை" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக ரயிலைக் கோட்டைவிட்ட வாசகர்கள் உண்டு.

கல்யாணமான புதிதில் அடுப்படியில் உட்கார்ந்து எழுதிய முதல் கதையை, வெட்கப்பட்டுக்கொண்டே புருஷனுக்குப் படித்துக் காட்டினாள். அவர் அப்போது கல்லூரியில் சரித்திரம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கை வைத்த நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அரண்மனைச் சமையல்காரர் மிளகாய் வறுக்கிற இடம் வந்தது.

டொக்!

விரலில் கிடந்த கனத்த மோதிரத்தால் நாற்காலியின் கையில் ஒரு தட்டு.

என்ன பிழை என்று சொல்லவில்லை. கடைசி வரைக்கும் சொன்னதே இல்லை. அவளேதான் கண்டுபிடிக்க வேண்டும். அது வரைக்கும் அடுத்த வரிக்குப் போக விட மாட்டார். இரண்டு நாள் அலமாரியைக் குடைந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, அந்த ராஜா செத்து வெகு காலம் கழித்துத்தான் மிளகாய் கப்பலேறி வந்தது என்று. திருத்திவிட்டுப் படித்தாள். நாற்காலி சும்மா இருந்தது. புதுப் பெண்ணுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

அதுவே வழக்கமாகிப் போனது. முப்பது வருஷமாக, சாயங்கால டீ ஆனதும் படிப்பு. அவள் முக்காலியில். அவர் நாற்காலியில். காகிதம் இல்லாத காலத்தில் காகிதம் கசங்கினால் டொக். புகையிலை வராத ஊரில் மந்திரி புகை விட்டால் டொக். ஒரு பிழை தப்பாது!

புத்தகங்கள் ஓடின. அட்டையிலேயே 'பிழையில்லாத சரித்திர மர்மம்' என்று போட்டார்கள். விழாக்களுக்குப் போனால் கூட்டம் அவளைத் தாண்டிப் போய்ப் பேராசிரியரின் கையைக் குலுக்கியது. "அம்மா கதை விடறாங்க, சார் கயிறு பிடிச்சுக்கறார்" என்று மேடையிலேயே ஒருவர் சொல்ல, அரங்கமே சிரித்தது. ராணியம்மாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஆகவே கடைசி நாவலை அவருக்குத் தெரியாமல் எழுதினாள். அவர் நடைப்பயிற்சிக்குப் போகும் நேரமாகப் பார்த்து, வருஷக்கணக்கில். அவள் எழுதியதிலேயே பெரியது. டைப் அடிக்கக்கூட நாத்தனாரிடம் கொடுக்காமல் கையெழுத்திலேயே பதிப்பாளருக்கு அனுப்பினாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் பேராசிரியருக்கும் ஒரு போன் போட்டு நன்றி சொல்லித் தொலைத்தார்!

பேராசிரியர் கோபப்படவில்லை. பிரதியை வரவழைத்து ஒரே மூச்சில் படித்தார். மறுநாள் நிதானமாக வந்து சொன்னார்.

"புத்தகத்தை நிறுத்தச் சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கணும்? பிழை இருக்கு. நாலு பேர் சிரிப்பாங்க. உன் நல்லதுக்குத்தான்."

"என்ன பிழை? இந்த ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

அவர் அவளை ஏதோ பரிட்சையில் தேறாத பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "சரி. வா, காட்டறேன். வந்து ஏணியைப் பிடி."

பிழையைக் காட்டும் தடிமனான புத்தகம் மேல் தட்டில் இருந்தது. அவருக்கு உயரம் என்றால் பயம். ஏணியில் ஏறினால் ஒவ்வொரு படிக்கும் கீழே கேட்டுக்கொள்வார்.

"பிடிச்சுக்கிட்டியா?"

"பிடிச்சிருக்கேன்."

பிடித்துத்தான் இருந்தாள். மேல் படி வரைக்கும் பிடித்திருந்தாள். அப்புறம் விட்டாள். விட்டாள் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது...

இழுத்தாள்!

இன்ஸ்பெக்டர் வந்தார். கனத்த உடம்பு, சாதுவான முகம். ஏணியைப் பார்த்தார், உடலைப் பார்த்தார், வயதைக் கேட்டார். விபத்து என்று எழுதிக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் தயங்கி நின்று, ஒற்றைக்கண்ணர் கதை ஒன்று விடாமல் படித்திருப்பதாகவும், இந்த நேரத்தில் கேட்கக் கூடாது, ஆனாலும் அடுத்தது எப்போது வரும் என்றும் கேட்டார். ராணியம்மாவுக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

நாத்தனார் மட்டும் சுவரோரமாக உட்கார்ந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யாரும் பிடிக்காம அண்ணன் ஏற மாட்டாரே..."

ஒப்பாரியில் ஆயிரம் சொல்வார்கள். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எடுப்பதற்கு முன்னால் அண்ணனின் மோதிரத்தைக் கழற்றி, "நீங்க போட்டுக்கங்க அண்ணி" என்று கொடுத்ததும் அவள்தான். எந்த விரலிலும் நிற்காமல் கழன்று வந்தது. இடது கட்டைவிரலில் மட்டும் நின்றது. துக்கம் கேட்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் அழுதார்கள். நல்லதுதான் என்று அதைக் கழற்றாமல் விட்டுவிட்டாள்.

வந்தவர்கள் எல்லாம் போய் வீடு அடங்கியது. பதிப்பாளர் போன் செய்தார். நாவலைப் போட்டுவிடலாம், ஆனால் சார் இருக்கிறதாகச் சொன்ன பிழைகளை மட்டும் எப்படியாவது பார்த்துத் திருத்திக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

அன்று சாயங்காலம் ராணியம்மா முக்காலியை எட்டித் தள்ளினாள். கை வைத்த நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்தாள். இனி இது என் நாற்காலி! பிரதியை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். படித்துப் பார்க்காமல் அவளுக்கு எழுத்து ஓடாது.

"...கோட்டை வாசலில் காவலர்கள் வேர்க்கடலை கொறித்தபடி..."

டொக்!

ராணியம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

அறையைச் சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. மாடியில் நாத்தனாரின் பழைய டைப்ரைட்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் அவளும் இல்லை. எலியாக இருக்கும். பலகை வெயிலில் வெடித்திருக்கும். மனசைத் திடப்படுத்திக்கொண்டு அதே வரியை மறுபடி படித்தாள்.

டொக்!

அதே இடம். அதே கனம். முப்பது வருஷமாகக் கேட்ட அதே தட்டு...

வியர்த்துக் கொட்டியது. வேர்க்கடலை... வேர்க்கடலை... கடவுளே, வேர்க்கடலை அப்போது ஏது? மிளகாயோடு வந்ததுதானே அதுவும்! அந்த வார்த்தையை அடித்துவிட்டு, "வறுத்த பட்டாணி" என்று எழுதிப் படித்தாள்.

சத்தம் இல்லை.

நாற்காலியை விட்டு எழுந்தவள் கூடத்துக்கு வந்துதான் நின்றாள்.

அதன் பிறகு தினமும் வந்தது. நாற்காலியில்தான் ஏதோ இருக்கிறது என்று முடிவுகட்டி, பழைய சாமான்காரனைக் கூப்பிட்டுச் சும்மாவே தூக்கிக் கொடுத்தாள். அவனுக்கு வாயெல்லாம் பல். கூடத்தில் கிடந்த வேறொரு கை வைத்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு பக்கம் படித்தாள். நிம்மதி. மூன்றாம் பக்கத்தில் ராணி கண்ணாடி ஜன்னலைத் திறந்தாள்.

டொக்!

ராணியம்மா துள்ளி எழுந்தாள். நாற்காலியில் இல்லை. அவர் என் கூடவே இருக்கிறார்!

அடுப்படியில் நின்றுகொண்டு படித்துப் பார்த்தாள். ஒரு தட்டலும் இல்லை. அப்பாடா என்று வந்து உட்கார்ந்து அதே பக்கத்தைப் படித்தால் நாலு இடத்தில் தட்டினார். செத்த மனுஷனுக்கு அடுப்படி மட்டும் ஆகாது போலிருக்கிறது. உயிரோடு இருந்தபோதும் அந்தப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று...

நாவல் நன்றாகிக்கொண்டு வந்தது!

அதுதான் கொடுமை. தட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிழை இருந்தது. திருத்தத் திருத்த வரிகள் கட்டுக்கோப்பாக நின்றன. பயத்தில் கை சில்லிட்டுப் போகும். இருந்தும் சாயங்காலம் எப்போது வரும் என்று மத்தியானமே மனசு அடித்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் அவரோடு பேசவே ஆரம்பித்துவிட்டாள். இங்கே என்ன தப்பு என்று கேட்பாள், ஒரு குறிப்பாவது கொடுங்களேன் என்று கெஞ்சுவாள். ஒரு நாள் டீ போடும்போது கை தானாக இரண்டு கப் எடுத்து வைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். கொன்றவளுக்கு அவர் இல்லாதது தாங்கவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

ஒரு சாயங்காலம் தட்டல் கேட்டு நிமிர்ந்தபோது கதவருகே நாத்தனார் நின்றிருந்தாள். கையில் டைப் அடித்த தாள்கள்; திருத்திய பக்கங்கள் இப்போது மாடிக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"என்ன?" என்றாள் ராணியம்மா.

"ஒண்ணும் இல்ல அண்ணி. தாளை வெச்சுட்டுப் போக வந்தேன்."

வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நாள் ஏதோ மாத்திரை வாங்க வேண்டும் என்று வெளியே போனவள் வெகு நேரம் கழித்து வந்தாள்.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. பழைய முடிவு சவசவ என்றிருந்தது. நாலு பேர் சிரிப்பார்கள் என்று பேராசிரியர் சொன்னது சரிதான். ராணியம்மா அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். எழுத எழுத அவளுக்கே புல்லரித்தது. அரண்மனைச் சுவடி அறையில் ஆஸ்தான பண்டிதர் ஏணியிலிருந்து விழுந்து செத்துக் கிடக்கிறார். ஊரே கொலை என்கிறது. ஒற்றைக்கண்ணர் வருகிறார். பிணத்தைச் சுற்றி ஒரு நடை நடக்கிறார். எல்லோரும் வாயைப் பார்க்கிறார்கள்.

அவர் சொல்கிறார்: விபத்து!

எப்பேர்ப்பட்ட முடிவு! எப்பேர்ப்பட்ட கவசம்! ஊரே நம்புகிற துப்பறியும் ஆள், ஏணியிலிருந்து விழுந்தவன் தானாகத்தான் விழுந்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இனி எந்த வாசகனுக்குச் சந்தேகம் வரும்?

ஆனால் அந்த அத்தியாயத்தை மட்டும் அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. உட்கார்ந்தாள், எடுத்தாள், கீழே வைத்தாள். அப்படியே மாடிக்கு அனுப்பிவிட்டாள்.

நாத்தனார் டைப் அடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

"எல்லாத்தையும் சத்தமா படிச்சீங்க. இதை மட்டும் படிக்கலையே அண்ணி."

"இதுல பிழை இருக்காது."

"படிச்சாத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் மாடிப்படி ஏறினாள்.

அன்றே போன் அடித்தது. பதிப்பாளர். சார் கேட்காமல் வருகிற முதல் புத்தகம், வாசகர்களுக்கு ஒரு நம்பிக்கை வர வேண்டாமா என்று இழுத்தார். வீட்டிலேயே சின்னதாக ஒரு வாசிப்பு வைத்துக்கொள்ளலாம். கடைசி அத்தியாயம் போதும். தான் வருவதாகவும், உங்கள் வாசகர் அந்த இன்ஸ்பெக்டர்கூட ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறார் என்றும் சொன்னார்.

ராணியம்மா யோசித்தாள். மாட்டேன் என்றால்? ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று ஒருவர் கேட்க ஆரம்பித்தால் அப்புறம் நிற்காது.

சரி என்றாள்.

ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் விழுந்துகொண்டிருந்தது. பதிப்பாளர் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் மப்டியில் வந்திருந்தார். பரிட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டிருந்தார். நாத்தனார் டீ கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்றாள். ராணியம்மா நாற்காலியில் அமர்ந்தாள். தாள்களை மடியில் வைத்து வலது கையால் பிடித்துக்கொண்டாள். இடது கை வழக்கம்போல நாற்காலியின் கையில் கிடந்தது.

ஆரம்பித்தாள். குரல் முதலில் நடுங்கியது, பிறகு பழகியது. சுவடி அறை வந்தது. பண்டிதரின் பிணம் வந்தது. பதிப்பாளர் நுனிக்கும் நுனியாக நகர்ந்தார். ஒற்றைக்கண்ணர் வந்ததும் இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது.

"...பண்டிதர் தனியாகத்தான் ஏறியிருக்கிறார். ஏணியை யாரும் பிடித்திருக்கவில்லை..."

டொக்!

அவள் நிறுத்தினாள். தலை நிமிர்த்தி மூன்று முகங்களையும் பார்த்தாள். பதிப்பாளர் டீ கப்பைக் கீழே வைத்தார்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

ராணியம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அப்பாடா! பைத்தியம் இல்லை! மற்றவர்களுக்கும் கேட்கிறது! "அவர்தான். என் வீட்டுக்காரர். இத்தனை நாளா இப்படித்தான் என்னைப் பாடாப் படுத்தறார். செத்தும் விடல பாருங்க. நான் யார்கிட்ட சொன்னா நம்புவாங்க? இப்போ நீங்களே கேட்டுட்டீங்க..."

மூவரின் பார்வையும் ஒரே இடத்தில் குத்திட்டிருந்தது.

"அண்ணன் இல்ல அண்ணி" என்றாள் நாத்தனார். "கையைப் பாருங்க."

ராணியம்மா குனிந்து பார்த்தாள்.

அவளுடைய இடது கை. அதன் கட்டைவிரல் மோதிரத்தோடு அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. தட்டிவிட்டு இன்னும் இறங்கவில்லை!

"அன்னிக்குத் தாள் கொடுக்க வந்தப்பவே பார்த்தேன். தட்டறது நீங்க. நிமிர்ந்து யாரையோ தேடறதும் நீங்க." நாத்தனாரின் குரல் உடைந்தது. "முப்பது வருஷம் கேட்டுக் கேட்டு எல்லாப் பிழையும் உங்களுக்கே அத்துப்படி ஆயிடுச்சு அண்ணி. உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி உங்க கைக்குத் தெரிஞ்சுடுது."

ராணியம்மா வெடுக்கென்று கையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"அந்த வரியில என்ன பிழைம்மா?" இன்ஸ்பெக்டர் வெகு மரியாதையாகக் கேட்டார். "பிழை இருந்தாத்தானே தட்டும்? எல்லாப் பேட்டியிலயும் சொல்லியிருக்கீங்களே."

"பிழை ஒண்ணும் இல்ல."

"அப்போ இன்னொரு தடவை படிங்க. ஒரு வாசகனாத்தான் கேக்கறேன். ஒற்றைக்கண்ணர் விபத்துன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. அதான் ஒட்ட மாட்டேங்குது."

எழுந்து போயிருக்கலாம். தலைவலி என்றிருக்கலாம். சாதாரணப் பெண் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் இவள் எழுத்தாளர். முப்பது வருஷத்தில் ஒரு வரியைத் திருத்தாமல் அடுத்த வரிக்குப் போனதே இல்லை!

மோதிரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். தாளை எடுத்தாள்.

"ஏணியை யாரும் பிடித்திருக்கவில்லை."

டொக். வெறும் விரல். சத்தம் குறைவு. ஆனால் அறையில் எல்லோருக்கும் கேட்டது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பேனாவை எடுத்து வரியை அடித்தாள்.

"பண்டிதரின் கால் வழுக்கியது."

டொக்.

"ஏணியின் படி உளுத்துப் போயிருந்தது."

டொக்.

"அவருக்கு... தலை சுற்றியது."

டொக்! டொக்!

பதிப்பாளர் காதைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் அசையவே இல்லை. ராணியம்மா வலது கையால் இடது கையை அமுக்கினாள். அது அடங்காமல் துள்ளியது. புடவை வியர்வையில் நனைந்துவிட்டது. அவளுக்கு இப்போது எதிரே இருந்தவர்கள் கண்ணில் படவில்லை. ஒரு வரி. ஒரே ஒரு வரி நிற்க மாட்டேன் என்கிறது. சரியானது இங்கேதான் எங்கோ இருக்கிறது. அவளுக்கே தெரியும். தெரிந்த வரிதான்...

அவள் மெல்லச் சொன்னாள்.

"ஏணியை ஒருத்தி பிடித்திருந்தாள். அவர் மேல் படிக்குப் போகும் வரைக்கும் பிடித்திருந்தாள். அப்புறம் இழுத்தாள்."

கட்டைவிரல் இறங்கியது. சத்தமில்லாமல் நாற்காலியின் கைமேல் படுத்துக்கொண்டது.

ராணியம்மாவின் முகத்தில், அத்தியாயம் முடிந்த அன்று மட்டும் வரும் ஒரு தெளிவு வந்தது. வரி சரியாகிவிட்டது! அப்புறம்தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

"அப்போ... அத்தனை பிழையையும் கண்டுபிடிச்சது நான்தானா?" என்றாள் யாரிடமோ. "அந்த நாவலை நானே திருத்தியிருப்பேனே. எனக்கு அவர் தேவைப்படவே இல்லையே."

"எனக்குத் தேவைப்பட்டார் அண்ணி" என்றாள் நாத்தனார். "எனக்குன்னு இருந்தது அவர் ஒருத்தர்தான்."

ராணியம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை குழாயைத் திறந்துவிட யாரும் இல்லை. வீடு முழுக்கக் கேட்டது.

இன்ஸ்பெக்டர் அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார். உங்கள் வீட்டில் இப்படி வந்து உட்கார வேண்டியதாகிவிட்டதே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். வெளியே தெருமுனையில் ஜீப் நிற்பதாகச் சொன்னார். பதிப்பாளர் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கடைசித் திருத்தம் பிரமாதம், அதையே அச்சுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு, நாத்தனார் பார்த்த பார்வையில் சோபாவுக்குள் புதைந்தார்.

ராணியம்மா எழுந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். கதவு வரைக்கும் நடந்தவள் நின்று திரும்பினாள்.

"உள்ளே எழுத விடுவாங்களா?"

"தாராளமா விடுவாங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா அங்கே கை வெச்ச நாற்காலியே கிடையாது... நிம்மதியாத் தப்புத் தப்பா எழுதலாம்!"